அடிமதகு

ஜனவரி 14

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் சளி விட்டதா, உன் வீட்டுக்காரியின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. அந்தக் குளிரில் சலவைக்கூடத்து வேலை அவளுக்கு ஆகாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அணை நிரம்பிவிட்டது. நேற்று மேட்டுக் குடியிருப்பின் கடைசித் தெருவுக்கும் குழாய் திறந்தோம். ரிப்பன் வெட்டியது அமைச்சர். வால்வைத் திருகியது குடிநீர் வாரியத்தின் முதன்மைப் பொறியாளர், அதாவது உன் அக்கா. முதலில் காற்றுதான் வந்தது. குழாய் செருமியது, துப்பியது, செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கியது, பிறகு தெளிந்தது. எனக்குத் துணி தைத்துத் தரும் தையல்காரி அந்தத் தெருவில்தான் இருக்கிறாள். தண்ணீருக்கடியில் கையை நீட்டியவள் எடுக்கவே இல்லை. "என்னம்மா, பாத்துக்கிட்டே இருக்கே?" என்றேன். "நின்னுடுமோன்னு பாக்கறேன்" என்றாள்.

நமக்கு நடுவில் பிறந்தவனை நீ பார்த்ததில்லை. கிணற்றுத் தண்ணீர் குடித்து, வாந்திபேதியில், ஒரே பகலில் சுருங்கிப்போனான். நேற்று அவன் ஞாபகம்தான் எனக்கு. பெரியவரை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். இது அவர் ஆட்சிக்கு வந்ததால் நடந்தது.

அணைக்குள் மூழ்கிய பள்ளத்தாக்குக் கிராமத்துக்காரர்களுக்கு எல்லாம் சமவெளியில் புது வீடு கொடுத்திருக்கிறார்கள். உன் மாமனார் மாமியாரும் இந்நேரம் குடிபோயிருப்பார்கள். அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சளி விட்டுவிட்டது. முதுகுவலி விடவில்லை. உங்கள் இருவரின் நலமும் அறிய ஆவல்.

கடிதம் வந்தபோது டிப்போவில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். எண்ணெய்க் கையோடு பிரித்ததில் 'அமைச்சர்' என்ற சொல்லின் மேல் சரியாக ஒரு கறை விழுந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை.

குழாய் செருமியதைப் படித்தபோது எனக்கும் அந்தத் தண்ணீரில் கை நீட்ட ஆசை வந்தது. அது உண்மை. ஆனால் அக்கா, இங்கேயும் பத்திரிகையில் பெரியவரைப் பற்றி எழுதுகிறார்கள். சாலை, துறைமுகம், அணை என்று ஒரு பத்தி. காணாமல் போனவர்களைப் பற்றி ஒரு பத்தி. கடைசியில் 'இருந்தாலும்' என்று தொடங்கும் ஒரு பத்தி. அந்த 'இருந்தாலும்' வந்ததும் பேப்பரை மடித்துவிடுகிறேன். அங்கே நான் வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளியை என் கண்முன்னால் ஜீப்பில் ஏற்றினார்கள். மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. அவர் எந்த 'இருந்தாலும்'-க்குள் அடங்குவார்?

மாமனாருக்குப் போட்ட கடிதங்கள் 'முகவரி இல்லை' என்ற முத்திரையோடு திரும்பிவிட்டன. புது முகவரியை விசாரித்துச் சொல். இவள் அப்பாவுக்குப் படிக்கும் கண்ணாடி ஒன்று வாங்கித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள். நீயே நேரில் போய்க் கொடுத்தால் நிம்மதியாக இருப்பாள்.

உன் தம்பி

மார்ச் 1

தம்பிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் பசை தாராளமாகக் கிடைக்கிறது போல. உறையை இரண்டு தடவை ஒட்டியிருந்தாய். இனிமேல் உடம்பைப் பற்றி எழுது, மழையைப் பற்றி எழுது. நமக்கு அது போதும்.

ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. அங்கே உட்கார்ந்து பேப்பரை மடிப்பது சுலபம். பொது மருத்துவமனையில் வாந்திபேதிக்கென்று ஒரு தனிக் கட்டடம் இருந்ததே, அதில் இப்போது உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். படுக்க ஆள் இல்லை. அணை கட்டியதெல்லாம் யாரும் சிரித்துக்கொண்டே செய்த காரியம் இல்லை என்று உன் அத்தான் பொருளாதார வகுப்பில் சொல்வாராம். தராசு வேண்டும் என்கிறாயா, வை. ஒரு தட்டில் உன் முதலாளியை வை, பாவம், நல்ல மனிதர்தான். மறு தட்டில் பிழைத்த பிள்ளைகளை வை. எது கனம் என்று நீயே சொல்.

கண்ணாடி வந்ததும் நேரில் போய்க் கொடுக்கிறேன். உன் வீட்டுக்காரியைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னபடியே எழுதுகிறேன். இங்கே மழை. நேற்றும் மழை. நாளையும் பெய்யும் என்று ரேடியோ சொல்கிறது. உடம்பு நலம்.

மழை விட்ட நேரங்களில் இவள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் செய்தி.

தம்பி

ஏப்ரல் 17

அன்புத் தம்பிக்கு,

இருவரும் நலம். வெயில் தொடங்கிவிட்டது.

சமவெளிக் குடியிருப்புக்குப் போய்வந்தேன். வீடுகள் நன்றாகக் கட்டியிருக்கிறார்கள். மஞ்சள் சுண்ணாம்பு, ஓட்டுக் கூரை. வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. ஒரு வீட்டுச் சமையலறையில் திறந்து பார்த்தேன், உடனே தண்ணீர் வந்தது. அழுத்தம் சரியாக இருந்தது. தெருவிளக்குகள் பகலிலும் எரிந்துகொண்டிருந்தன. யாரிடமாவது சொல்லி அணைக்கச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அக்கா

மே 9

அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை இவள் நாலைந்து முறை படித்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "உங்க அக்கா வீட்டப் பத்தி எழுதிருக்காங்க. ஆளப் பத்தி ஒரு வரி இல்லையே" என்றாள்.

நீ யாரைப் பார்த்தாய் அக்கா? யாரோடு பேசினாய்? மாமியாருக்கு மூட்டுவலி இருந்ததே, நடக்கிறார்களா? நல்ல செய்தியோ கெட்டதோ, ஒரு வரி எழுது.

தம்பி

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. நான் எழுதியதில் தவறு இருந்தால் மன்னித்துக்கொள். இங்கே மழை நின்றுவிட்டது. இவள் இப்போது தபால்காரருக்காக நிற்பதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி

ஜூலை 12

என் தம்பிக்கு,

இதைக் கொண்டுவருபவர் கப்பல் சமையல்காரர், நம்பிக்கையானவர். அதனால் முதல்முறையாக உன்னோடு பேசுவதுபோல் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதைச் சொல்கிறேன், தனியாக உட்கார்ந்து படி.

நான் போன அன்று அந்தக் குடியிருப்பில் ஒரு மனிதர் இல்லை. சமையலறைச் சுவரில் புகை படவில்லை. கதவுத் தாழ்ப்பாள்களில் கட்டிய காகிதம்கூடப் பிரிக்கவில்லை. காவலாளியிடம் கேட்டேன். "இன்னும் வரலைம்மா" என்றான். "அணை நெறஞ்சு மூணு மாசம் ஆச்சு. அப்ப எங்கதான் இருக்காங்க?" என்றேன். "வந்துக்கிட்டிருக்காங்கம்மா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. அதை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. வேறு எங்காவது தங்க வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே மாதம் வெயிலில் அணையின் நீர் இறங்கியது. தண்ணீர் குழாய்க்குள் நுழையும் இடத்தில் ஒரு கம்பிவலை உண்டு. இலை, சுள்ளி, எப்போதாவது செத்த ஆடு வந்து தங்கும். அந்த மாதம் செருப்புகள் வந்தன. பிறகு கிழிந்த தார்ப்பாய். பிறகு வந்ததை நான் எழுதமாட்டேன். வலை கழுவும் ஆட்கள் இருவரும் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

ஒரு சிறு செருப்பை எடுத்துக்கொண்டு போய் வாரிய இயக்குநரின் மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்காமலே கேட்டார்.

"தண்ணி டெஸ்ட் என்ன சொல்லுது?"

"சரியாத்தான் இருக்கு."

"குளோரின்?"

"அதுவும் சரியா இருக்கு."

"அப்ப நம்ம வேலை முடிஞ்சுது. ஏரின்னா செருப்பு கிருப்பு வரத்தான் செய்யும்."

"பள்ளத்தாக்குக்காரங்க எங்க சார்?"

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நாற்காலிக்குத் திரும்பவில்லை. கதவிலேயே சாய்ந்து நின்றார். "லாரியில ஏறமாட்டோம்னு பிடிவாதம் புடிச்சாங்க. ராணுவம் வந்து ஏத்துச்சு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். எனக்கும் புள்ளைங்க இருக்கு. உங்களுக்குத் தண்ணிதானே வேணும்? வந்துடுச்சில்ல?" என்றார்.

வந்துவிட்டது. அதுதான் தம்பி, வந்துவிட்டது. உன்னோடு தராசு பேசினேனே, தட்டில் வைப்பதற்கு இரண்டும் தனித்தனியாக இருந்தால்தானே நிறுக்க முடியும்? இங்கே இருப்பது ஒரே தண்ணீர். தையல்காரியின் பிள்ளைகள் குடிப்பதும் அதுதான், உன் மாமனார் மாமியார் எதனடியில் இருக்கிறார்களோ என்று நான் பயப்படுகிறேனோ அதுவும் அதுதான். குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சிறு செருப்பு நினைவுக்கு வருகிறது. ஆனாலும் குடிக்கிறேன்.

அணையின் காலடியில் அடிமதகு என்று ஒன்று இருக்கிறது. வண்டலை வெளியேற்றுவதற்கானது. அதைத் திறக்க என் உத்தரவு போதும். இப்போது தண்ணீர் குறைவு. முழுதாகத் திறந்துவிட்டால் சில நாளில் பள்ளத்தாக்கின் தரை தெரிந்துவிடும். பெரியவரின் பத்தாம் ஆண்டு விழா வருகிறது, வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். அந்த வாரம் திறக்கப்போகிறேன்.

குழாய்கள் வறண்டுபோகும். அது தெரிந்துதான் செய்கிறேன். மேட்டுக் குடியிருப்பின் பழைய கிணற்றைப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். தாகம் எடுத்தவர்களுக்கு முன்னால் ஒரு பூட்டு எத்தனை நாள் தாங்கும்? முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் மதகு திறக்காது.

அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டு, மாணவர்களின் கையெழுத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். இதை உன் வீட்டுக்காரியிடம் காட்டாதே. நான் என் கண்ணால் பார்த்துவிட்டு அவளுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள்.

அக்கா

ஆகஸ்ட் 25

அன்பு மைத்துனருக்கு,

இதையும் சமையல்காரர்தான் கொண்டுவருகிறார். நான் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியதே இல்லை. எப்போதும் உங்கள் அக்காவின் கடித ஓரத்தில் 'விசாரித்ததாகச் சொல்' என்பதோடு சரி. இருவரும் நலமா?

அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். விழாவுக்கு முதல் நாள் நகரம் முழுக்கக் குழாய் வறண்டது. வாரிய அலுவலகத்தின் முன்னால் குடமும் வாளியுமாகக் கூட்டம் சேர்ந்தது. கல் விழுந்தது. அவள் படியில் இறங்கி நின்றாள். நான் கூட்டத்தில் பின்னால் இருந்தேன். எனக்கே அப்போதுதான் தெரியும். "தண்ணிய நான்தான் தொறந்துவிட்டேன். ஏன்னு தெரியணும்னா அணைக்குப் போய்ப் பாருங்க. என்ன அடிக்கணும்னா பாத்துட்டு வந்து அடிங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. திரும்பி உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்துதான் கூட்டிப்போனார்கள்.

பாதிக் கூட்டம் மலைச்சாலையில் ஏறியது. நானும் போனேன். பள்ளத்தாக்கில் சேறு. நடுவே பழைய மணல் குழியில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒன்றும் கவிழவில்லை. நிறுத்தி வைத்ததுபோல் ஒழுங்காக நின்றன. தார்ப்பாய் போர்த்திக் கட்டியிருந்தது. கயிற்று முடிச்செல்லாம் வெளிப்பக்கம், உள்ளே இருந்தவர்களின் கை எட்டாதபடி. யாருடைய வாளியோ கைநழுவி உருண்டு கீழே போனது. அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. என்னால் அதற்கு மேல் இறங்க முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேட்டுக் குடியிருப்பில் கிணற்றுப் பூட்டை உடைத்துவிட்டார்கள். வாந்திபேதி வந்தது. தையல்காரியின் இளைய மகள் இறந்துபோனாள்.

போன வாரம் அந்தத் தையல்காரி வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்க வீட்டம்மா மேல எனக்குக் கோவம் இருக்குங்க. பூட்ட ஒடச்சது எங்க தெருக்காரங்கதான், தெரியும். இருந்தும் கோவம் இருக்கு. அது போகாது" என்றாள்.

"போகவேண்டாம்மா" என்றேன்.

"அந்த லாரிய அங்க விட்டவன் மேலயும் இருக்கு. அவன் தண்ணி குடுத்தான்ல, அதுக்கு இது சரியாப் போச்சுன்னு யாரும் என்கிட்ட வந்து சொல்லக் கூடாது. நீங்க காலேஜ்ல அப்படித்தான் சொல்லிக் குடுப்பீங்களாமே."

"இனிமேல் சொல்ல மாட்டேன்."

"எப்படிச் சொல்லுவீங்க, உங்களத்தான் வேலைய விட்டு எடுத்துட்டாங்களே" என்றாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்ததுபோல் இருந்தது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உங்கள் மனைவியிடம் இதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அக்கா எழுதுவதாகச் சமையல்காரரிடம் சொல்லியிருந்தாளாம். அவளால் இப்போது முடியாது.

அன்புடன்,
அத்தான்

செப்டம்பர் 19

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

உங்கள் உடல்நலத்துக்கும் அண்ணி பத்திரமாகத் திரும்பி வருவதற்கும் இங்கே தினமும் நினைத்துக்கொள்கிறோம். உங்கள் மைத்துனரின் மனைவியான நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. சமையல்காரர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அண்ணி ஜூலையில் எழுதியதையும்தான். இவர் மறைத்து வைத்திருந்தார், ஆனால் இவருக்கு ஒளிக்கத் தெரியாது. கருவி டப்பாவில் இருந்தது. அண்ணி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எப்படியாவது அவர்களுக்குச் சொல்லுங்கள். அம்மா அப்பா வந்துகொண்டிருக்கிறார்கள் என்று நானும்தான் ஆறு மாதம் நம்பினேன்.

இவர் பெரியவரைப் பற்றி இரவு பகலாகப் பேசுகிறார். டிப்போவில் வாதாடிவிட்டு வருகிறார். அங்கே ஒருத்தர், "என்ன இருந்தாலும் நாட்டை முன்னேத்திட்டாருப்பா" என்றாராம். அடிதடியாகிவிட்டது. எனக்கு வாதாட ஒன்றும் இல்லை அண்ணா. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் திரும்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். குற்றமாகக் கேட்கவில்லை. உங்களுக்குப் பிறகு யாராவது கீழே இறங்கினார்களா? அந்தக் கயிற்றை யாராவது அவிழ்த்தார்களா? இல்லை, அப்படியே மறுபடி தண்ணீர் ஏறிவிட்டதா?

உங்கள் தங்கை

அக்டோபர் 23

அன்புத் தங்கைக்கு,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். இதுவும் சமையல்காரர் கையில்தான் வருகிறது. நீயும் மைத்துனரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இங்குள்ள நிலை. அடிமதகில் நாசவேலை நடந்தது என்று ரேடியோ சொன்னது. லாரிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அணைக்குப் போகும் சாலையில் இப்போது காவல் போட்டிருக்கிறார்கள். மழை நன்றாகப் பெய்து, அணை பாதிக்கு மேல் ஏறிவிட்டது. குழாயில் தண்ணீர் வருகிறது. நான் குடிக்கிறேன், வேறு தண்ணீர் இல்லை. மேலே போய்ப் பார்த்தவர்களில் சிலர் வேலைக்கு வருவதில்லை. எங்கே என்று யாரும் கேட்பதில்லை. உன் அண்ணிக்கு வாராவாரம் சிறை வாசலில் துணி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறார்கள். அழுக்குத் துணி ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கொண்டுபோவதை நிறுத்தமாட்டேன்.

நீ கேட்டதைத் தெரிந்துகொள்ள, அவள் தெருக்காரர்கள் பலர் மேலே போயிருந்ததால், தையல்காரியைத் தேடிப் போனேன். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள். மகளைப் புதைத்த மறுநாள் அவளும் மேலே போனாளாம். அது எனக்குத் தெரியாது. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் அவங்கள அடிக்கத்தாங்க போனேன். தண்ணிய நிறுத்தினாங்களே, அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துட்டு நேரா வாரியத்துக்குப் போய் மூஞ்சில துப்பணும்னு போனேன். அவங்களப் புடிச்சுட்டுப் போனது அப்ப எனக்குத் தெரியாது. மேல எல்லாரும் நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஆம்பளைங்க ஒருத்தரும் எறங்கல. நான் எறங்கினேன். இடுப்பு வரைக்கும் சேறு. எனக்குப் பின்னால எங்க தெருப் பொம்பளைங்க வந்தாங்க. கயிறு ஊறி இறுகிப் போயிருந்துச்சு. பொழுதன்னிக்கும் கத்திரிக்கோலோட இருக்கறவ, அன்னிக்கு வெறுங்கையோட போயிருந்தேன். நகம் பேந்துபோச்சு. அப்புறம் பல்லால கடிச்சு இழுத்தோம். ஒரு வண்டி பாக்கி இல்ல. விழாக் காவலுக்குப் போயிருந்த ராணுவம் வர்றதுக்கு முன்னால முக்கால்வாசிப் பேர மேட்டுல கொண்டுபோய் வெச்சு மண்ணப் போட்டுட்டோம். மிச்சப் பேர முடியல. ஆனா யாரும் கட்டுக்குள்ள இல்லன்னு அந்தப் பொண்ணுக்கு எழுதுங்க. அவங்க அப்பா அம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. எல்லாரையும் அவுத்துட்டோம்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மெஷினை ஓட்டத் தொடங்கினாள். நான் வாசலுக்கு வந்த பிறகு கூப்பிட்டு, சிறைக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு கம்பளிச் சட்டையைக் கொடுத்தாள். உன் அண்ணியின் அளவு அவளிடம் இருக்கிறது.

உன் அண்ணன்